சில்வண்டின் துளி

என் அறைக்குள் வருகிறவர்கள் தும்மலைக்கூட வெளியே முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். அங்கிருக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி சின்ன அதிர்வுக்கும் கோபித்துக்கொள்ளும். மரபணுவைச் சுமந்து உடலுக்குள் போகும் கொழுப்பு உருண்டைகளை உறைய வைத்துப் படம் எடுப்பது என் வேலை. உள்ளே மரபணு இருந்தால் மருந்து, இல்லாவிட்டால் வெறும் கொழுப்பு.

மருத்துவமனையில் ஒரே நோயோடு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி என் அக்கா மகள். ஓயாத வாய், அதனால் சில்வண்டு என்று கூப்பிடுவோம். இன்னொருவன் ஒரு பஸ் டிரைவரின் மகன். ஆளுக்கொரு குப்பி தயாராகி என்னிடம் வந்தது.

"மாமா, என் மருந்த நல்லா பாத்துச் சொல்லு. அவசரப்படாத," என்றாள் சில்வண்டு.

பையனுடையதை முதலில் பார்த்தேன். நாலைந்து படம், பளிச்சென்று இருந்தது, முடித்துவிட்டேன். பிறகு சில்வண்டின் குப்பியிலிருந்து ஒரு துளியை வைத்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருண்டைகளுக்குள் குமிழ்கள் கிளம்பின. மருந்து கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். புதிதாகத் தயாரிக்கும்வரை அவள் தாங்கமாட்டாள். ஆகவே இரண்டு குப்பிகளின் லேபிள்களையும் மாற்றி ஒட்டினேன். கெட்டது பையனுக்குப் போகும் என்று தெரியும். அவனும் தாங்கமாட்டான் என்றும் தெரியும். உங்களுக்கு ஒரு அக்கா இருந்தால் இது புரியும்.

சில்வண்டு போய்விட்டாள். கடைசி நாட்களில் அவள் பேசவே இல்லை. அந்த அமைதியை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "உன்னால முடிஞ்சத நீ செஞ்சடா," என்று அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள்.

பையன் எழுந்து நடந்தான். அவன் அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பாத்து அனுப்புன மருந்து சார்," என்றார்.

அதன் பிறகுதான் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சில்வண்டின் முதல் படத்தில் ஒரு குமிழும் இல்லை. எலக்ட்ரான் கதிர் ஒரே இடத்தில் நெடுநேரம் விழுந்தால் கொழுப்பு வெந்து குமிழ் விடும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருகிற முதல் பாடம் அது. குப்பி நன்றாகத்தான் இருந்தது. என் கண்ணெதிரே கிடந்த துளிதான் வெந்தது. பையனின் படங்களில், ஓரமெல்லாம் மரபணு இல்லாத வெற்று உருண்டைகள்.

உங்கள் விசாரணை அறிக்கையில் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தொழிலில் நான் அலட்சியமானவன் இல்லை. அந்த ஒரு குப்பியைத்தான் சரியாகப் பார்க்காமல் விட்டேன். பார்க்கும்போது அது வேறு யார் வீட்டுப் பிள்ளைக்கோ போகிற மருந்தாகத்தானே இருந்தது.