காயாத பூச்சு

பிசுபிசுப்பை எடுக்க ஸ்பிரிட்டைப் போல வேறொன்று கிடையாது. பஞ்சை நன்றாக நனைத்து, ஒரு பக்கமாகவே துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அடியில் இருக்கும் நூல் பிசிறிவிடும். தூண்டில் ராடை வாங்கிக்கொள்ளப் புறப்பட்டுவிட்டதாக எங்கள் பழைய வாடிக்கையாளர் கேப்டன் போன் செய்த பிறகு, நான் அதைத்தான் அவசர அவசரமாகச் செய்துகொண்டிருந்தேன். நேற்றுப் போட்ட பூச்சு அது. இந்நேரம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்க வேண்டும். மிட்டாய் தின்ற குழந்தையின் கையைப் போல விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"மாமா, டீ" என்று பட்டறை வாசலில் தம்பி மனைவி வந்து நின்றாள்.

"அப்படி வெச்சுட்டு, இந்தப் பஞ்சை நனைச்சுக் குடும்மா."

"என்ன மாமா, உங்களுக்குமா காயல?"

அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராடில் வரிசையாக வளையங்கள் இருக்கும். அவற்றை மெல்லிய நூலால் சுற்றிக் கட்டுவோம். நூலின் மேல் எபாக்ஸி பூச வேண்டும். அது இரண்டு பாட்டிலில் வரும். ஒன்று ரெசின், இன்னொன்று அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். சிரிஞ்சில் இரண்டையும் சரிக்குச் சரி எடுத்து, குமிழி வராமல் நிதானமாகக் கலக்கிப் பூசி, ஒரு பக்கமாக வழிந்துவிடாதபடி சின்ன மோட்டாரில் ராடைச் சுழலவிட வேண்டும். ஹார்ட்னர் குறைந்தால் வருஷமானாலும் காயாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மூக்குக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஹார்ட்னரில் கெட்டுப்போன மீன் வாடை அடிக்கும்.

"மீன் பிடிக்கப் போற ராடுக்கு நாமளே மீன் நாத்தத்தைப் பூசி அனுப்புறோம் பாரு" என்பான் தம்பி. சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

நூல் சுற்றுவது அவன், பூச்சு நான் என்றுதான் வெகுகாலம் ஓடியது. ஒரு நாள், பட்டறையில் நாலு பேர் இருக்கும்போது கேப்டன் சொன்னார்: "சின்னவர் கைக்காகத்தாங்க இங்க வர்றோம். பெரியவரு மேல வார்னிஷ் அடிக்கிறாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயராகிவிட்டது. போனில்கூட, "யாரு, வார்னிஷா? தம்பிகிட்ட குடுங்க" என்பார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் தம்பி வந்து தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காத. இவ பொறந்த வீட்டுப் பக்கம் ஒரு இடம் வருது. தனியாப் பட்டறை போட்டுப் பாக்கலாம்னு ஒரு ஆசை. கலக்குறத மட்டும் கத்துக் குடுத்துடு."

"இதுல கோவிச்சுக்க என்னடா இருக்கு?" என்றேன்.

கற்றும் கொடுத்தேன். சிரிஞ்சை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு நேரம் கலக்குவது என்று ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவனுக்கென்று எடுத்து வைத்த ஹார்ட்னர் பாட்டிலில் பாதியை வெளியே ஊற்றிவிட்டு, அந்த இடத்தில் ரெசினை நிரப்பி வைத்தேன். அவ்வளவுதான். அவன் அதுவரை கலக்கியவன் இல்லை. வாடை குறைந்திருப்பது அவனுக்குத் தெரியாது. நாலு ராடு கெட்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவான் என்று நினைத்தேன். வேறு கெட்ட எண்ணம் எனக்கு இல்லை.

முதல் ராடு பிசுபிசுத்தபோது அவன் சிரித்தான். அடுத்ததில் தன்னையே திட்டிக்கொண்டான். அதற்கடுத்த ராடைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிஞ்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"அண்ணே, அப்பாவுக்கும் அளவுலதானே ஆரம்பிச்சுது?"

எங்கள் அப்பா மருந்துக் கடையில் கம்பவுண்டராக இருந்தவர். மறதி நோயில் முதலில் அவருக்குப் போனது மூக்கு. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. அவர் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்புறம் மருந்து அளவு தப்பியது. அப்புறம் நாங்கள். கடைசியில் எங்களை "சார்" என்று கூப்பிட்டார். சாப்பாடு ஊட்டிவிடுகிற தம்பியைப் பார்த்து, "உங்களுக்கு ஏன் சார் சிரமம்?" என்பார்.

தம்பி கேட்டதற்கு, "அதெல்லாம் இருக்காதுடா" என்றுதான் பதில் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பவனைப் போல நின்றேன். நான் செய்ததிலேயே பெரிய வேலை அந்த நிற்றல்தான்.

அதற்குப் பிறகு நான் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. "நீ பக்கத்துல நின்னு பாருண்ணே" என்று அவனே கூப்பிட்டான். சிரிஞ்சில் கோட்டுக்கு மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் ஒழுங்காகத்தான் எடுத்தான். "கோட்டைத் தாண்டிட்டியேடா" என்றேன். தன் கண்ணை விட்டுவிட்டு என் வாயை நம்பினான்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். அப்பாவின் கதையைக் கேட்டுவிட்டு, அண்ணன் தம்பி இருவருக்குமே சோதனை செய்துவிடலாம் என்றார் அவர். கடிகாரம் வரையச் சொன்னார். சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்டார். சின்னச் சின்னப் புட்டிகளை முகர்ந்து பார்க்கச் சொன்னார். முடிவு தெரிகிற அன்று தம்பி உள்ளேயே வரவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வாண்ணே, எனக்குக் காலு வரல" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். போனேன், கேட்டேன், வெளியே வந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"ஆரம்பம்தானாம். இப்பவே ஜாக்கிரதையா இருந்தா ஒண்ணும் பயமில்லையாம்."

அன்றைக்கே வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டான். தனிப் பட்டறைப் பேச்சு அதோடு நின்றது. தூக்கி வளர்க்க வேண்டிய தன் கைக்குழந்தையைத் தனியாகத் தொடுவதே இல்லை. "எங்கயாவது வெச்சுட்டு மறந்துட்டேன்னா?" என்று பெண்டாட்டியிடம் கேட்டான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் ராடுக்கு மணல் தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்த இடத்தையே தேய்த்தேன்.

இப்போதும் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறான். நான் சொன்னால்தான் எழுந்திருப்பான். "நீ மட்டும் இல்லன்னா என் கதி என்னண்ணே" என்பான். அவன் போகக் கூடாது என்று நினைத்தேன், போகவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை காலமாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கேப்டனின் ராடு காயவில்லை. கலக்கியது நான். ஹார்ட்னர் புதுப் பாட்டில். நேற்றுதான் திறந்தேன். இப்போது அதை எடுத்து முகர்ந்தேன். ஒரு வாடையும் இல்லை. உள்ளே இருப்பது ரெசின் என்று தோன்றியது. தம்பி மனைவி கண்டுபிடித்துவிட்டாள், நான் செய்ததை எனக்கே செய்துவிட்டாள் என்று நினைத்தேன். கோபம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நெஞ்சு லேசானது. யாரோ ஒருவருக்காவது தெரிந்துவிட்டதே.

"இந்தப் பாட்டில்ல எதையாவது கலந்தியாம்மா? கலந்திருந்தாச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நான் எதுக்கு மாமா அதைத் தொடப்போறேன்?" என்று பாட்டிலை வாங்கி மூக்கருகே கொண்டு போனாள். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்தாள். "ஐய, என்னா நாத்தம். செத்த மீனு மாதிரி."

திரும்ப வாங்கி முகர்ந்தேன். தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது. டீயை எடுத்து முகர்ந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

பிறகுதான் மேசையைப் பார்த்தேன். ரெசினுக்குச் சிவப்பு டேப் சுற்றிய சிரிஞ்சு, ஹார்ட்னருக்கு நீலம். இது என் பழக்கம். நேற்று உபயோகித்த சிரிஞ்சுகள் கிண்ணத்துக்குள் கிடந்தன. இரண்டுமே சிவப்பு. நீலம் உறைகூடப் பிரிக்காமல் ஓரமாக இருந்தது. புதுப் பாட்டிலில் ஹார்ட்னர் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"ஏய், புள்ள அழுவுது, தூக்கட்டுமா? நீ வந்து பக்கத்துல நில்லு" என்று வீட்டுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது.

"வர்றேங்க" என்று அவள் ஓடினாள்.

வாசலில் கேப்டனின் கார் ஹாரன் அடித்தது. நான் பஞ்சை மறுபடி நனைத்தேன். தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போகிறேன். இந்த ராடு காயட்டும், காய்ந்ததும் சொல்லிவிடுவேன். அன்று அறைக்குள் டாக்டர் சொன்னதையும் சேர்த்து. அவர் ஆளை மாற்றிச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு.

"உங்க தம்பிக்கு ஒண்ணுமே இல்லைங்க, நல்லா இருக்காரு" என்றார். "நீங்கதான் இன்னொரு தடவை வரணும். தனியா வராதீங்க, தம்பியக் கூட்டிக்கிட்டு வாங்க."