தைலம்மை நட்ட கடைசிக் கழி

நமக்கு முன்னால, நம்ம பாட்டன் பூட்டனுக்கும் முன்னால, நெட்டாறு கடல்ல கலக்குற எடத்துல நெட்டாத்துத்துறைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். இந்த ஊருதான். ஆனா அப்ப முப்பது தோணி நிக்குமாம் ஆத்துக்குள்ள. பாய் கட்டுன பெரிய பெரிய தோணி. உப்பும் கருவாடும் ஏத்திக்கிட்டு யாழ்ப்பாணம் போகும், கொழும்பு போகும். திரும்பி வரும்போது பாக்கும் தேங்காயும் வருமாம்.

கடல்ல வர்றது பெருசில்ல. ஆத்து வாயில நொழையறதுதான் பெருசு. அங்க ஒரு மணல்மேடு கெடக்கு. சும்மா கெடக்குமா? ஒவ்வொரு மழைக்கும் ஆத்து வெள்ளம் வந்து அதப் பொரட்டிப் போட்டுரும். போன மாசம் ஆழமா இருந்த எடத்துல இந்த மாசம் நண்டு ஓடும். அதனால ஆழம் பாத்து, வழிக்கு ரெண்டு பக்கமும் மூங்கக் கழி நட்டு வைக்கணும். கழிக்கு நடுவுல வந்தா தோணி தப்பிக்கும். கழி இல்லன்னா எப்பேர்ப்பட்ட தண்டலும் உள்ள வரமாட்டான். தண்டல்னா தோணிக்குத் தலைவன், தெரியுமில்ல.

அந்தக் கழி நடுற வேல தைலம்மைக்கு. மொதல்ல அவ புருசன்தான் செஞ்சானாம். ஒரு வருசம் ஒரு தோணியில வாந்திபேதி வந்து எறங்குச்சு. பாதி ஊரு போச்சு. அவ புருசனும் போயிட்டான். அதுக்கப்புறம் அவளே எறங்குனா. கயித்துல கல்லக் கட்டி ஆழம் பாக்கமாட்டாளாம். தானே நடப்பா. முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, கழுத்துத் தண்ணி. அவ கழுத்து நனைஞ்ச எடத்துல தோணி வரும்னு ஊரே நம்புச்சு. ஒரு தோணிகூட தரை தட்டுனதில்லயாம்.

அவளுக்கு ஒரே மவன், வைரவன். அவன் தோணிக்குப் போனான். மொத நடை நல்லபடியா போயிட்டு வந்தான். ரெண்டாவது நடை, புரட்டாசி மாசம், தோணி வந்து ஆத்து வாய்க்கு வெளியவே நின்னுச்சு. பாயக்கூட ஒழுங்கா எறக்கல. காத்து கரைப்பக்கம் அடிச்சதால கத்துனது கேட்டுச்சாம்.

"பேதி வந்துருச்சு. தண்டல் செத்துட்டாரு. குடிக்கத் தண்ணியில்ல."

ஊரு கூடிருச்சு. அப்ப நாட்டாமையா இருந்தது நல்லதம்பி நாட்டார். எங்க வம்சம்தான், அதனால அந்த ஆளத் திட்ட எனக்கு உரிமை இருக்கு. அவரு சொன்னாராம், "தைலம்மா, கழியப் புடுங்கிரு. கழி இருந்தா பொழுது சாயறதுக்குள்ள உள்ள வந்துருவானுங்க."

"வைரவன் அதுல இருக்கான்யா."

"என் தம்பி மவனும்தான் இருக்கான். உம் புருசன் எப்படிப் போனான்னு மறந்துட்டியா?"

"மறக்கல. புடுங்குறேன். தண்ணிய யாரு கொண்டு போறது?"

எல்லாரும் மணலப் பாத்தாங்களாம். மணல்ல என்ன இருக்கு பாக்க?

"அப்ப நான் போறேன்"னா தைலம்மை.

"போனா திரும்பக் கூடாது. புதுசா யாருக்கும் வரலன்னு தெனம் காலைல பாய்மரத்துல வெள்ளத்துணி ஏத்தணும். தொடர்ந்து பதினஞ்சு நாளு ஏறுனாத்தான் தோணியும் உள்ள வரணும், நீயும் வரணும்."

"சரிங்க."

ஏழு கொடம் தண்ணி, ஒரு மூட்ட அரிசி, உப்பு. படகுல ஏத்திக்கிட்டுத் தனியாத் தள்ளிக்கிட்டுப் போனா. போற வழியிலயே ஒவ்வொரு கழியா புடுங்குனா. புடுங்கிப் புடுங்கிப் படகுல போட்டுக்கிட்டா. தோணியில வைரவன் மேல்தட்டுல படுத்தபடியே பாத்துக்கிட்டு இருந்துருக்கான்.

இவ ஏறுனதும் அவன் கேட்ட மொத வார்த்த என்ன தெரியுமா? "ஏம்மா கழியப் புடுங்குன?"

"ஊருக்காவப் புடுங்குனேன். ஒனக்காவ வந்துட்டேன்"னாளாம்.

உப்புக் கஞ்சி காச்சிக் காச்சி ஊத்துனா. தண்ணி தீந்தப்ப பாய விரிச்சு மழத்தண்ணி புடிச்சாங்க. நாலாம் நாளு வைரவன் செத்துட்டான். கடல்ல விட்டாங்க. அவ அழுதாளான்னு ஊர்ல கேட்டதுக்கு, தோணியில சமைக்கிற சின்னான்னு ஒருத்தன் பின்னாடி சொன்னானாம், "அழுதா. கஞ்சியக் கிண்டிக்கிட்டே அழுதா. இன்னும் பன்னண்டு பேரு இருந்தமே." அந்தப் பன்னண்டு பேரையும் பொழைக்க வச்சுட்டா. பெத்த மவன் போன பொறவும் ஊராம்புள்ளைக்குக் கஞ்சி காச்சுறதுன்னா சும்மாவா?

வெள்ளத்துணி ஏறுச்சு. ஒரு நாளு, ரெண்டு நாளு, பத்து நாளு. கரையில எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஐப்பசி பொறந்து வாடக்காத்து ஆரம்பிச்சுது. ஆத்துல வெள்ளம் வந்து மணல்மேடு மொத்தமும் எடம் மாறிப் போச்சு. நங்கூரக் கயிறு நைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இன்னும் ஒரு நாளு தாங்காதுன்னு தோணியில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

பதினஞ்சாம் நாளு விடிய, தைலம்மைக்கு வயித்தால போச்சு.

சின்னான் ஒருத்தன்தான் பாத்தான். அவ சொன்னா, "துணிய ஏத்துடா."

"ஆத்தா, ஒனக்கு வந்துருக்கே."

"ஏத்தலன்னா இன்னும் பதினஞ்சு நாளும்பாங்க. தோணி தாங்குமா? நான் இந்தத் தோணியில வரப் போறதில்ல. எனக்கு வந்தது என்னோட போவட்டும். நீ ஏத்து."

துணி ஏறுச்சு. கரையில ஒரே சந்தோசம். அவ படகுல எறங்குனா. அதுக்கப்புறம் யாரையும் தொடல, யாரையும் கிட்ட விடல. படகுக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு, கடல் ஏத்தத்துல, ஒடம்புல தெம்பே இல்லாம, காலால தடவித் தடவிப் புது வழி கண்டுபுடிச்சா. தான் புடுங்குன கழியத் தானே நட்டா. வெளியில இருந்து உள்ள, ஒவ்வொன்னா. தோணி பின்னாடியே மெல்ல மெல்ல வந்துச்சு. கடைசிக் கழிய நட்டப்ப, கரைக்கு நாப்பது அடிதான் இருக்கும். தோணி அவளத் தாண்டி உள்ள போயிருச்சு.

கரையில அவங்கவங்க புள்ளைய அவங்கவங்க தேடி ஓடுனாங்க. கட்டிப் புடிச்சாங்க, அழுதாங்க. நாட்டார் தம்பி மவனத் தூக்கிக்கிட்டே போனாராம். தைலம்மை கழியப் புடிச்சுக்கிட்டு நின்னா. ஒரு வெத்தல போடுற நேரம் நின்னாளாம். அப்புறம் படகுல ஏறி, கடலப் பாத்துத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா.

சின்னான்தான் அழுதுக்கிட்டே ஆத்தா எங்க, ஆத்தா எங்கன்னு கேட்டான். எல்லாரும் திரும்புனாங்க. படகு அலை தாண்டிப் போச்சு. தேடிப் போனவங்களுக்குப் படகும் கெடைக்கல, அவளும் கெடைக்கல.

அன்னைக்கித்தான் சின்னான் எல்லாத்தையும் சொன்னான். காலைல படகுல எறங்கறதுக்கு முன்னால அவ அவங்கிட்ட சொன்னாளாம், "கரையில யாராச்சும் வான்னு கூப்புட்டுட்டா என்ன செய்வேன்டா? கூப்புட்டா என்னால நிக்க முடியாது, கரைக்குப் போயிருவேன். அதான் எனக்கு பயமா இருக்கு."

அவ பயந்தது நடக்கல. ஒருத்தரும் கூப்புடல. ஊருல ஒரு உசுருக்கும் பேதி வரல.

நாட்டாருக்கு அதுக்கப்புறம் சோறு எறங்கலன்னு சொல்றாங்க. எறங்காம என்ன, இன்னும் இருவது வருசம் இருந்தாரு. ஆனா தெனம் பொழுது போறதுக்குள்ள ஆத்து வாயில வந்து நின்னு கூப்புடுவாராம். மொதல்ல அவரு மட்டும். பொறவு தோணிக்காரங்க. பொறவு எல்லாரும்.

இப்பத் தோணி ஏது, எல்லாம் இஞ்சின் படகுதான். வழிக்கு மெதவ போட்டாச்சு. ஆனா அந்த ஒரு கழிய மட்டும் உளுத்தா மாத்தி நட்டுருவோம். அதுக்குத் தைலம்மை கழின்னு பேரு. உள்ள வர்ற படகு எதுவா இருந்தாலும் அங்க இஞ்சின நிறுத்தும். படகுல இருக்குற அத்தன பேரும் கடல் பக்கம் திரும்பி, "ஆத்தா, உள்ள வா"ன்னு கூப்புடுவாங்க. கரையில நிக்குறவங்களும் கூப்புடணும். கையில மீன் கூடை இருந்தாலும் எறக்கி வச்சுட்டுக் கூப்புடணும். மூணு தடவ.

அவ வரமாட்டா. அது எங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் கூப்புடாம இந்த ஊர்ல யாரும் கரையேறுனதில்ல.