எல்லார் பண்டிகைக்கும் போகிறவள்

ஜாசினிலிருந்து மலாக்காவுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு ரப்பர் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"கோயிலுக்கா அக்கா?" என்று இளையவள் கேட்டாள்.

"இல்லம்மா. செரானி மீன்காரங்க, அந்தப் போர்த்துகீசு வம்சத்து ஜனங்க, படகு ஜோடிக்கிற பெருநாளுக்கு."

"நீங்க வேதக்காரங்களா?"

"மாரியம்மாதான் நமக்கு. ஆனா தைப்பூசம், சீனப் பெருநாளு, மலாய்க்காரங்க கடல்ல குளிக்கிற மண்டி சாஃபார், எதையும் விடமாட்டேன்."

இளையவள் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

"ரப்பர் விலை விழுந்து ஆள் குறைச்சப்ப, என் தம்பியை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. எங்க போனான்னு யாருக்கும் தெரியல. தோட்டம் தோட்டமா நான் எப்படித் தேடுறது? பண்டிகைன்னா எல்லா ஜனமும் டவுனுக்கு வரும். யார் பண்டிகைன்னு பாக்காம போய் நின்னேன்."

"கெடைச்சாரா?"

"போன வருஷம், இதே படகுப் பெருநாள்ல. கூட்டத்துல முதுகைப் பார்த்துக் கூப்பிட்டேன். திரும்பினவன் அழுதுட்டான். மெர்லிமாவ் பக்கம் இருக்கானாம். அவனும் என்னைத் தேடி ஒரு பண்டிகையும் விடலயாம். 'மண்டி சாஃபாருக்கும் வந்தேனே, உன்னைக் காணலயேக்கா'ன்னான்."

"அதான் கெடைச்சிட்டாரே. இன்னும் ஏன்க்கா அலையுறீங்க?"

"அப்பல்லாம் கூட்டத்துல மூஞ்சியைத்தானே பார்த்தோம். ஒரு பண்டிகையும் பார்க்கல. இப்ப சேர்ந்து பார்க்குறோம்."

கடற்கரை வளைவில் பஸ் நின்றது. வெளியே ஒல்லியான ஒருவர் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எனக்கு முன்னாடியே வந்துட்டான்," என்று அவள் எழுந்தாள்.