வசீகரனைப் பற்றி நான் சொன்ன நல்ல வார்த்தைகள்

கேனோ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று அதை வாடகைக்குக் கொடுத்தவர் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன். கரையிலிருந்து பத்து மீட்டர் போனதும், உட்காரும் பலகை குத்துகிறதே என்று எழுந்து நின்றேன். அடுத்த நொடி நானும் வசீகரனும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். அவனுடைய போன் சட்டைப்பையை விட்டு நகரவில்லை. இருந்த இடத்திலேயே உயிரை விட்டிருந்தது.

"போகுது விடுங்கோ அண்ணை," என்றான் வசி, மூக்கிலிருந்து உப்புத்தண்ணீர் வடிய. "நீந்தத் தெரியாத ரெண்டு பேர் மீன் பிடிக்க வந்தது முதல் பிழை. இது ரெண்டாவது."

இது தற்செயலாக நடந்தது. தயவுசெய்து இதைக் குற்றத்தில் சேர்க்க வேண்டாம். சேர்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

என் பெயர் தண்டபாணி. ஆக்லாந்தில், பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் மேற்பார்வையாளன். வசீகரன் எனக்குக் கீழே வேலை செய்பவன். பிளாட் புஷ் பகுதியில் எங்கள் எதிர்வீட்டுக்காரன். அவன் யாழ்ப்பாணம், நான் கரூர். பதினோரு வருடமாகக் காலை ஆறேகாலுக்கு என் காரில் ஏறுவான். வேலைக்குப் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் ஒரு நாளில் நான் வாய் நிறையப் பேசுகிற நேரம். வீட்டில் மகனிடம் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மனைவிக்கு மருத்துவமனையில் மாலை வேலை. நாங்கள் பேசிக்கொள்வது குளிர்பெட்டியில் ஒட்டிய சீட்டு வழியாக. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. பின்னணி தெரிந்தால் உங்களுக்கும் வசதி.

போன மாதம் காரில் ஏறியவன், பெல்ட்டைப் போட்டுக்கொண்டே, "பிரிஸ்பேனில வேலை கிடைச்சிருக்கு அண்ணை" என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

அதனால்தான் அந்தச் சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுத்தேன். "போறதுக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் மட்டும் ஒரு தடவை மீன் பிடிக்கப் போவோம்" என்றேன். ஆக்லாந்துக்கு வடக்கே ஒரு மணி நேரம். ஒரு கழிமுகத்தின் அக்கரையில் கூடாரம் அடிக்கும் முகாம். சாலை கிடையாது, படகில்தான் போக முடியும். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை. போன் சிக்னல் அறவே கிடையாது. இதை மூன்று பேரிடம் விசாரித்து உறுதிசெய்துகொண்டேன்.

திட்டத்தில் ஒரே ஓட்டை புரட்டாசி. சனிக்கிழமை மதியம் இரண்டு கை நீளத்துக்கு ஒரு ஸ்னாப்பர் மீன் என் தூண்டிலில் மாட்டியது. இரண்டு கை என்றால் உள்ளங்கை. அளந்து பார்த்தோம், முப்பத்திநாலு சென்டிமீட்டர், சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். வசி அதைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அண்ணை, இண்டைக்கு என்ன கிழமை?"

"சனி."

"என்ன மாசம்?"

எனக்கு வியர்த்தது. புரட்டாசிச் சனிக்கு அவன் சனீஸ்வரனுக்கு விரதம், நான் பெருமாளுக்கு விரதம். மீன் பிடிக்க நூற்றிருபது டாலருக்குச் சாமான் வாங்கி வந்து, பிடித்த மீனைக் கும்பிடாத குறையாகத் தண்ணீரில் விட்டோம். இரவுக்குப் பருப்புச் சாதமும் ஊறுகாயும். வறுத்த மீனைத் தட்டில் வைத்து அவன் மனத்தைக் கரைக்கலாம் என்று இருந்தேன். பருப்புச் சாதத்தை வைத்துக்கொண்டு யாரையும் கரைக்க முடியாது.

ஞாயிறு காலை அவன் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது கேனோவின் கயிற்றை அவிழ்த்தேன். தள்ளவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவிழ்த்தது மட்டும்தான் நான். தண்ணீர் வடிகிற நேரம், அதுவே கொண்டுபோயிற்று. பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயமே இல்லாத ஆள் போல, கேனோ நிதானமாகத் திரும்பி, நிதானமாகப் போனது.

வசி எழுந்து வந்து வெறும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கேனோ எங்க?"

"காத்துல போயிருச்சுப்பா."

"காத்தே இல்லையே அண்ணை."

"காலைல இருந்துச்சு."

"சரி," என்றான். "தேத்தண்ணி போடுவம்."

அவனுடைய நிதானம்தான் என்னைக் குழப்பியது. ஐந்து மணிக் கையெழுத்தைப் பற்றி நானே இரண்டு முறை நினைவூட்டினேன். குற்றம் செய்கிறவனுக்கும் ஒரு நாகரிகம் உண்டு. "பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தூண்டிலில் இரை கோத்தான். அன்று நான்கு மீன் மாட்டின. மிளகாய்த்தூள் போட்டு வறுத்தோம். அதைப் போல நான் எங்கும் சாப்பிட்டதில்லை. அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன்.

"பிரிஸ்பேன்ல வெயில் தாங்காது வசி."

"யாழ்ப்பாணத்துக்காரனிட்டச் சொல்லுறியள்."

"பாம்பு இருக்கு. இந்த நாட்டுல ஒண்ணு கூடக் கிடையாது."

"அங்க அதைப் பாத்தால் ஊர் ஞாபகம் வரும்."

இந்த இடத்தில் ரெஃபரன்ஸ் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் வேலைக்கு மனுப் போட்டால், பழைய இடத்து மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டு ஆள் எப்படி என்று கேட்பார்கள். வசி இதற்கு முன் மூன்று முறை வேலை தேடினான்: ஹாமில்டன், மெல்போர்ன், பெர்த். மூன்றுக்கும் என் பெயரைத்தான் கொடுத்தான்.

நான் பொய் சொன்னதே இல்லை. ஹாமில்டனிலிருந்து ஒரு பெண்மணி, ஆள் நேரத்துக்கு வருவாரா என்று கேட்டார். "என் கூடத்தான் வருவார்" என்றேன். "நீங்கள் நேரத்துக்குப் போவீர்களா?" என்றார். எனக்குப் பொய் வராது. மெல்போர்ன்காரர், அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்றார். யோசித்தேன். நான் யோசிப்பது மெல்போர்ன் வரைக்கும் கேட்டது. பெர்த்திலிருந்து, அவரிடம் குறை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மரியாதையாகத்தான் விசாரித்தேன்.

மூன்று முறையும் வேலை கிடைக்கவில்லை. மூன்று முறையும் அவனைப் பிரியாணி சாப்பிட அழைத்துப் போய்த் தேற்றியது நான்தான். நன்றாகவே தேற்றுவேன். பெர்த்துக்குப் பிறகு அவன் மனைவி நிருஜா கண் கலங்கி, "நீங்கள் இல்லாட்டி இவர் என்ன செய்வார் அண்ணை?" என்று கேட்டபோது, அவளையும் நானே தேற்றினேன்.

ஆனால் பிரிஸ்பேனிலிருந்து யாருமே என்னைக் கூப்பிடவில்லை. அவன் மனுப் போட்டது தெரிந்ததிலிருந்து ஒரு மாதம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். கூப்பிட்டிருந்தால் கேனோ, கயிறு என்று இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்.

"இந்தத் தடவை ரெஃபரன்ஸுக்கு யார் பேரைக் கொடுத்த?" என்று கேட்டேன்.

"முள்ளு பாத்துச் சாப்பிடுங்கோ," என்றான் வசி.

மூன்று மணிக்கு ஒரு அலுமினியப் படகு வந்தது. அதன் பின்னால், மிதந்துபோன எங்கள் கேனோ கட்டி இழுபட்டு வந்தது. ஓட்டி வந்தவர் ரவினேஷ், மனுகாவில் கார் மெக்கானிக், ஃபிஜி இந்தியர். எங்கள் பேச்சைக் கேட்டு, தன் முப்பாட்டனும் மதராஸ்தான், தமிழ் மட்டும் வீட்டில் தங்கவில்லை என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டார். பிறகு கேனோவுக்குள் கை விட்டு எங்கள் கயிற்றை எடுத்துக் காட்டி, ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"கயிறு அறுந்துதான் போயிருக்கும்னு நினைச்சேன் அங்கிள். ஆனா பாருங்க, எவ்வளவு அழகா சுருட்டி, நுனியைச் செருகி வெச்சிருக்கு."

கிடங்கில் இருபது வருடம். கயிற்றைச் சுருட்டாமல் விட்டால் எனக்குக் கை நமைக்கும். என் ஷிஃப்டில் எல்லோருக்கும் அப்படிச் சுருட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அதை முதலில் கற்றுக்கொண்டவன் வசி.

அவன் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "நல்ல காத்து," என்றான்.

ரவினேஷின் படகிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். கேனோ பின்னால் இழுபட்டு வந்தது. மணி மூன்றரை. நாலு மணிக்குச் சிக்னல் வந்துவிடும், நீர் புகாத பைக்குள் தப்பித்த என் போனிலேயே அவன் கையெழுத்துப் போடலாம்; என் திட்டம் அவ்வளவுதான். அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, சிக்னல் இல்லாத முகாம், ஹாமில்டன், மெல்போர்ன், பெர்த். உன் நன்மைக்குத்தான் என்று ஆரம்பித்தேன். பாதியில் அது எனக்கே நன்றாகப் படவில்லை. காலையில் கார் காலியாக இருக்கும் வசி என்றேன். பேச ஆள் இல்லை என்றேன். ரவினேஷ் எங்கோ பார்த்தபடி ஓட்டினார்.

வசி லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கினான், தளர்த்தினான்.

"ஹாமில்டன் வேலைக்காக ஒரு பொம்பிளை கதைச்சவா எல்லே," என்றான். "அவ அண்டைக்கே என்னைக் கூப்பிட்டு, 'ரெஃபரன்ஸ் குடுக்கிற ஆளை மாத்து தம்பி' எண்ட மாதிரிச் சொன்னவா."

"அப்பவே தெரியுமா?"

"ஓம்."

"தெரிஞ்சுமா மெல்போர்னுக்கும் பெர்த்துக்கும் என் பேரைக் கொடுத்த?"

"நிருஜாவுக்குத்தான் போக விருப்பம். எனக்கு இல்லை. மாட்டன் எண்டு அவளிட்டச் சொல்லப் பயம். உங்கட பேரைக் குடுத்தால் அந்த வேலையை நீங்கள் பாத்துக்கொள்ளுவியள்."

பதினோரு வருடத்தில் யாரும் என் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு முறை கேட்டேன்.

"அப்போ இந்தத் தடவை ஏன்டா கொடுக்கல?"

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"வியாழக்கிழமையே கையெழுத்து வச்சிட்டன் அண்ணை. இந்த முறை எனக்குப் போக விருப்பம்."