ஒரு சிட்டிகைப் படிகம்

நான் யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போவதில்லை. பழமோ பிஸ்கட்டோ ஏதாவது கையில் இருக்கும். அக்கா வளர்த்த வளர்ப்பு அப்படி. அந்த மாத்திரைத் தொழிற்சாலைக்கும் நான் வெறுங்கையோடு போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்களுக்கு வேலை சுலபமாகட்டும்.

என் தொழில் மருந்தைக் கரைய வைப்பது. மாத்திரைக்குள் மருந்து நுண்ணிய படிகங்களாகத்தான் இருக்கிறது. சில மருந்துக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. விழுங்கினால் பாதி அப்படியே வெளியே போய்விடும். அதற்குச் சாதுவான வேறொரு பொருளைத் துணை சேர்த்து, இரண்டும் ஒரே படிகமாக அடுக்கி நிற்கும்படி செய்தால் அதே மருந்து சமர்த்தாகக் கரையும். இணைப்படிகம் என்போம். மருந்தின் குணம் மாறாது. ஒண்டிக்கட்டையாகத் திரிந்தவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் கொஞ்சம் திருந்துவானே, அவ்வளவுதான்.

வலிப்பு நோய்க்கான பழைய மருந்து ஒன்றுக்கு அப்படி ஒரு துணையைத் தேடிப் பிடித்தேன். என் இளமை முழுக்க அதில்தான் போனது. எங்கள் மருந்துக் கம்பெனி இயக்குநரிடம் கொண்டுபோனால், அவர் குப்பியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பழைய மாத்திரையே நல்லாத்தான வேலை செய்யுது? வலிக்காத பல்லை யாராவது பிடுங்குவாங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வரவில்லை. பல் வலிக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆராய்ச்சிக்கு நடுவே, பழைய மருந்து என் குடுவை ஒன்றில் வேறு விதமாக உறைந்திருந்தது. இறுகிப்போன முரட்டுப் படிகம், லேசில் கரையாது. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான் இதுவும். ஒரு சிட்டிகை விழுந்தால் போதும், தொட்டியில் இருக்கும் மருந்தெல்லாம் அதே முரட்டு வடிவத்தில் உறைந்துவிடும். அதன் தூசி படிந்த இடத்தில் பழைய நல்ல வடிவம் மறுபடி தலைகாட்டாது. என் இணைப்படிகத்தை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை.

தொழிற்சாலை சூப்பர்வைசர் உங்களிடம் சொன்னது உண்மை. தொட்டியின் மூடி திறந்திருந்தபோது நான் குனிந்து பார்த்தேன். ஆவியில் மூக்குக்கண்ணாடி மங்கியது. கைக்குட்டையை எடுத்து உதறித் துடைத்துக்கொண்டேன். "பார்த்து சார், சூடா இருக்கும்" என்று அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன். அவரை வேலையை விட்டு நீக்கியது அநியாயம்.

மாத்திரைகள் எல்லாச் சோதனையிலும் தேறின. எடை சரி, தூய்மை சரி. கரைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அந்த மருந்துக்கு அதைச் சோப்பு மாதிரி ஒரு பொருள் கலந்த திரவத்தில் செய்வது அந்தக் காலத்து வழக்கம். அதில் கூழாங்கல்லும் கரையும். வயிற்றுக்குள் யார் சோப்பு வைத்திருக்கிறார்கள்?

சில மாதம் கழித்து அத்தான் போன் செய்தார். "மாப்ள, உங்கக்காவுக்கு மறுபடி வந்துடுச்சுப்பா. ஒரு வேளைகூட மாத்திரை தவறல."

அம்மா போன பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அந்த மாத்திரையின் தயவில் பல வருடம் வலிப்பே இல்லாமல், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு, சைக்கிள்கூட ஓட்டிக்கொண்டிருந்தாள். உடனே போனேன். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டதால் அக்காவுக்குப் பேச்சு குழறியது.

"நான் ஒழுங்காத்தாண்டா போடறேன். டாக்டர் நம்ப மாட்டேங்கறார். நீயாவது சொல்லேன்."

"சொல்றேன்க்கா."

"நீ ஏதோ புது மருந்து கண்டுபிடிச்சியே, அதைக் கொஞ்சம் குடேன். செத்தா செத்துட்டுப் போறேன்."

"அது அனுமதி வாங்காத மருந்துக்கா. மனுஷ உடம்புல சோதிக்கவே இல்ல. சட்டப்படி தப்பு."

அவள் என் மேல் சாய்ந்துகொண்டாள். இணைப்படிக மாத்திரைகள் என் சட்டைப் பையில்தான் இருந்தன; அட்டை அவள் கன்னத்தில் குத்தியிருக்கும். எனக்கு வேதனையாக இருந்தது, ஐயா, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது ஊர் முழுக்க இப்படி விழுந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் கணக்கில் வந்தால்தான் பழைய மாத்திரை மேல் சந்தேகம் வரும். சொந்த அக்கா என்பதற்காக அவளை மட்டும் விலக்கினால் அது பாரபட்சம்.

பிறகு குளியலறையில் விழுந்தாள். அத்தான் கதவை உடைத்துத் திறந்தபோது முகம் வாளித் தண்ணீருக்குள் இருந்ததாம்.

அதற்கப்புறம்தான் மேலிடம் விழித்தது. பழைய மாத்திரை நிறுத்தப்பட்டது. இயக்குநர் என் அறைக்கே வந்து குப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சோதனைகளை அவசர அவசரமாக முடித்து அனுமதி கொடுத்தார்கள். இன்று எத்தனையோ பேர் என் மாத்திரையால் எழுந்து நடமாடுகிறார்கள். அவர்களைக் காப்பாற்றியது நான்தான்.

யாருக்கும் கொடுத்துப் பார்க்காமலே அது வேலை செய்யும் என்று எப்படி அவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. ஒரே வயிற்றில் பிறந்த எங்கள் இருவருக்கும் ஒரே வியாதிதான், ஐயா. கைக்குட்டையோடு தொழிற்சாலைக்குக் கிளம்புவதற்கு முன்பே நான் புது மாத்திரைக்கு மாறிவிட்டேன். இன்றுவரை ஒரு தடவைகூட விழவில்லை.