கள்ளிப் புகை

அம்பத்தூரில் ஏறிய தொழிற்சாலைக்காரர்கள் இருவர் ரயில் கதவோரம் நின்றார்கள். இளையவர் சொன்ன முதல் வார்த்தையிலேயே நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எங்க ஊட்டுக்கு வந்தது மாரியாத்தா இல்ல அண்ணாத்தே, வேலிக் கள்ளி.”

“இன்னாடா சொல்ற? வாசல்ல வேப்பிலை கட்டிகீதுன்னாங்களே.”

“நான்தான் கட்டுனேன். ஞாயித்துக்கெழம வேலில இருந்த கள்ளிய வெட்டி பச்சையாவே கொளுத்துனேன். ஊட்டுக்காரி பொகைலயே நின்னு குச்சியால தள்ளிகினு இருந்தா. காலைல பாத்தா மூஞ்சி பூரா கொப்புளம், கண்ணு தொறக்கல. அம்மைன்னுட்டு தாளிக்கிறதையே நிறுத்திட்டோம்.”

“ஆசுபத்திரிக்கி இட்டுகினு போவலியா?”

“அம்மைக்கு யாரு போவா? அம்மை பாக்க வர்ற சுகாதார இன்ஸ்பெக்டர்தான் வந்தாரு. காய்ச்சல் இல்ல, மூஞ்சியத் தவிர ஒடம்புல ஒண்ணுமில்ல, இது அம்மையே இல்லன்னுட்டாரு. தோட்டத்துல சாம்பலப் பாத்துட்டு, ‘கள்ளிப்பால் கண்ணுல பட்டா ஆவாதுன்னு தெரியுது, பொகை மட்டும் ஆவுமா’ன்னு ஒரே திட்டு. மிச்சத்த குழி தோண்டி பொதைச்சிட்டேன்.”

“இப்ப கண்ணு?”

“நேத்து தொறந்துட்டா. தொறந்ததும் என்னப் பாத்து, ‘இன்னா இப்டி எளைச்சிப் போய்கீற’ன்னு கேக்கறா.”



“அப்ப ஆத்தாளுக்கு நேந்துகினியே, கூழு ஊத்தறேன்னு. அதான் அவ வர்லியே.”

“ஊத்துவேன் அண்ணாத்தே. வராம இருந்தாளே, அதுக்கு.”