அலீமாவுக்குச் சொன்ன கனாக்கள்

அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துடுங்க மிஸ். மத்ததெல்லாம் இருக்கட்டும். சண்டைக்குள்ள மன்னாரை விட்டு வெளிக்கிட்டது, வள்ளத்துல வந்து கல்பிட்டில இறங்கினது, ஓலைக் கொட்டில், மழைத்தண்ணி, எல்லாம் நான் சொன்ன மாதிரித்தான் எழுதியிருக்கீங்க. கடைசில நான் கண்டன் எண்டு சொன்ன அந்தக் கனா வருதே, அது வேணாம்.

இல்ல, பிழை ஒண்டும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. கஷ்டத்தை வாசிக்கிறவங்களுக்கு முடிவில ஒரு நம்பிக்கை வேணும் எண்டு நீங்க சொல்றது விளங்குது. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள், எனக்கே விளங்குது. தேத்தண்ணியைக் குடிங்க, ஆறுது. சீனி காணுமா, இன்னும் போடவா? சூ! இந்தக் காகத்துக்கு என்ட கருவாட்டை விட்டா வேற இடமில்ல.

கனாச் சொல்றது எங்கட ஆக்களுக்கு லேசான விசயமில்ல மிஸ். நல்லதைக் கண்டா பிரியமானவங்களுக்குச் சொல்லலாம். கெட்டதைக் கண்டா இடப்பக்கம் துப்பிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கணும், ஒருத்தருக்கும் வாய் திறக்கக் கூடாது. என்ட தங்கச்சி அலீமா, போன முறை கண்டீங்களே, அவ இருவத்தொரு வருசமா வெள்ளிக்கு வெள்ளி வந்து நிப்பா. ராத்தா, கண்டியா? அவரு வந்தாரா?

அவட மாப்பிள்ளை பதியுதீன். ஆட்டை வித்துட்டு அடுத்த வள்ளத்துல வாறன் எண்டு மன்னார்லயே நிண்டவர்.

நான் சொல்லுவன். வெள்ளைச் சேட்டோட வந்தாரு, மெலிஞ்சு போயிருந்தாரு, மகளுக்கு வளையல் கொண்டு வந்தாரு எண்டு. அவக்கு அந்தக் கிழமை அதோட ஓடிரும். சண்டை முடிஞ்ச வருசம், பஸ்ஸுல இருந்து இறங்கினாரு எண்டன். மூணு மாசம் மன்னார் பஸ் வாற நேரத்துக்கு ரோட்டுல போய் நிண்டா.

இப்ப மாம்புரில பாறூக் எண்டு ஒருத்தர், மிளகாய்த் தோட்டம் செய்றவர், பொஞ்சாதி மவுத்தாயிட்டா. அலீமாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்காரு. மகளும் கலியாணம் முடிச்சுப் போயிட்டா, இவ தனிய. இண்டைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு பதில் சொல்லணும். ராத்தாட கனாவைக் கேட்டுட்டுச் சொல்றன் எண்டிருக்கா.

மௌலவி பயான்ல சொன்னாரு, காணாத கனாவைக் கண்டன் எண்டு சொன்னவங்களை மறுமையில ரெண்டு வாற்கோதுமை மணியை முடிச்சுப் போடச் சொல்லுவாங்களாம். அண்டைக்கு வீட்டுக்கு வந்து நானும் ரெண்டு அரிசியை எடுத்துப் பாத்தன். விரலுக்குள்ள நிக்கவே இல்ல.

ஓம் மிஸ். ஒரு நாளும் காணல்ல. நான் படுத்தா கல்லு மாதிரித்தான்.

முதல் கனாச் சொல்லக்குள்ள அவ நிறைமாசம். அண்டைக்கு அவ கிளினிக்குக்குப் போயிருந்தா. உடப்புல மீன் பிடிக்கிற ஒருத்தர் கேம்புல பேரை விசாரிச்சு விசாரிச்சு என்னட்ட வந்தாரு. கரை ஒதுங்கின ஆளை அவங்களே மண்ணுல அடக்கிட்டாங்களாம். கையில கட்டியிருந்த மணிக்கூட்டுப் பின்பக்கம் பதியுதீன் எண்டு பேர் கீறியிருந்திச்சு, அதைக் கொண்டுதான் தேடி வந்திருக்காரு. பிள்ளை பிறக்கட்டும் எண்டு நினைச்சன். பிறகு பால் குடிக்கிற பிள்ளை எண்டு நினைச்சன். பிறகு ஒண்டும் நினைக்கல்ல.

நான் அழல்ல, நீங்க ஏன் அழுறீங்க? பிள்ளை பிறந்த அண்டைக்கே அவட இத்தாவும் முடிஞ்சிருக்கும், வேற கலியாணம் முடிச்சிருக்கலாம். இருவத்திநாலு வயசு அப்ப. மணிக்கூடு அந்த அலுமாரிக்குள்ளதான், சீலைக்குக் கீழ. ஓடாது.

கேட் சத்தம் கேக்குதா? அவதான். நீங்க இருங்க மிஸ், எழும்பாதீங்க.

வா அலீமா. பாத்து, கருவாட்டை மிதிச்சுடாத. இரி.

இல்லடி. இண்டைக்குக் கனா ஒண்டும் இல்ல.

மிஸ், உங்கட பக்கம் ஜன்னல்ல அலுமாரியைத் திறக்கிற திறப்புக் கிடக்கு. எடுத்துத் தாங்க.